பங்களாவின் குசினி

எங்கள் வீட்டைப் புகழ்வதற்கென்றே கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். சனிக்கிழமை காலை, ஒன்பது மணி இருக்கும். ஆள் கட்டடக் கலைஞர், பல்கலைக்கழகத்திலும் படிப்பிக்கிறவர் என்று லண்டனில் இருக்கும் அண்ணா முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தார். "அவருக்கு வீட்டை வடிவாக் காட்டு. எரிஞ்சு விழாதை" என்றும் சொன்னார். நான் எரிந்து விழுகிறவள் என்பது எங்கள் குடும்பத்தில் எப்போதோ முடிவான விஷயம்.

வந்தவர் முன் விறாந்தையில் ஏறியதும் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் சிறிது நேரம் நின்றார்.

"அருமையான வீடு, அன்ரி. இந்த ஓர்ஸ் ஹில் பக்கத்தில இனி இப்பிடி ஒண்டு இல்லை."

பிறகு எனக்கு என் வீட்டை விளக்கத் தொடங்கினார். இந்தப் பருத்த தூண் ஒல்லாந்தரிடமிருந்து வந்ததாம். உயர்ந்த கூரையும் முகட்டில் காற்றுப் போகிற இடைவெளியும் இங்கிலீஷ்காரனின் பங்களாவாம். யன்னலுக்கு மேல் பலகைபோல நீட்டிவிட்ட கொங்கிறீற், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த பாணியாம்.

"மூண்டு காலம் ஒரே சுவரில நிக்குது பாருங்கோ. உங்கட ஊர்க் கோட்டைக்குள்ள இருக்கிற பழைய கட்டடங்களிலகூட இவ்வளவு தெளிவாத் தெரியாது."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. முப்பத்தைந்து வருடம் அரச அலுவலகமொன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தூணின் கழுத்தைப் பார்த்தே காலம் சொல்ல எனக்கும் தெரியும். அவர் சரியாகச் சொன்னதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். கோட்டையைப் பற்றி அவர் உருகினார். அந்தக் கோட்டை எந்தக் கோயிலை இடித்த கல்லில் எழும்பியது என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளையும் சொல்லும். அழகான கட்டடம் என்று ஒன்றைக் காட்டினால் எனக்கு முதலில் வருகிற கேள்வி, இதற்காக யாரை எங்கே தள்ளினார்கள் என்பதுதான்.

விறாந்தை, மண்டபம், இரண்டு பக்க அறைகள் எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்தார். பின்வாசல் வரை வந்து, முற்றத்துக்கு அப்பால் நிற்கும் சமையற்கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"குசினியைப் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது பிறகு சேர்த்த கட்டடம்தானே, அன்ரி. அதில முக்கியமா ஒண்டும் இல்லை."

"பிறகு சேர்த்ததில்லை. வீட்டோட ஒண்டாத்தான் அத்திவாரம் போட்டது. வேணுமெண்டுதான் அவ்வளவு தூரத்தில கட்டினது."

அவர் தலையாட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரைத் தேத்தண்ணி கொடுக்காமலே அனுப்பினேன்.

அந்தக் குசினியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா வெள்ளைக்காரக் கடற்படையின் துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். அதிகாரிகளின் பங்களாக்கள் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருந்தன. அவசரக் கோப்புகளில் கையெழுத்து வாங்க அப்பா அங்கே போக வேண்டும். முன்பக்கம் போக ஏலாது. பின்னால் குசினிக்குப் பக்கத்தில் நின்று, சமையற்காரனிடம் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கே நின்ற நேரங்களில்தான் அவர் அந்த வீட்டை மனப்பாடம் செய்தார். கடற்படை கப்பலேறிப் போனதும் கொஞ்சக் காலத்தில் அதே வீட்டை இங்கே கட்டினார்.

பின்பக்கம் நின்று பார்த்த வீட்டின் முன்பக்கத்தில் தான் உட்கார வேண்டும் என்று ஒரு மனிதன் ஆசைப்பட்டதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளைக்காரனின் பங்களாவில் குசினி முற்றத்துக்கு அப்பால் தனியாக இருக்கும். புகையும் மீன் வாடையும் சமையற்காரனின் குரலும் துரைக்கு எட்டக்கூடாது என்பதற்காக. அப்பா அதையும் ஓர் அடி குறையாமல் எடுத்துக்கொண்டார். எங்களிடம் சமையற்காரன் இருக்கவில்லை. அம்மா இருந்தார்.

குசினி வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை இருபத்திரண்டு எட்டு நடக்க வேண்டும். நடுவில் கூரையில்லாத சீமெந்து முற்றம். ஒரு நாளைக்கு அம்மா எத்தனை தரம் அதைக் கடந்திருப்பார் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. பார்த்தால் யாரையாவது அடிக்கத் தோன்றும். மாரி தொடங்கினால் மூன்று மாதம் அந்த முற்றம் பாசி பிடித்துக் கிடக்கும். அம்மா சோற்றுச் சட்டியைச் சேலைத் தலைப்பால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தான் நனைந்தபடி வருவார். சோறு நனையாது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அப்பா துறைமுகத்தைப் பார்த்தபடி இருப்பார். "என்ன சுணக்கம்?" என்று அங்கிருந்தே கேட்பார்.

என் இருபத்திநாலாவது வயதில், வேலையில் சேர்ந்த புதிதில், குசினிக்கும் வீட்டுக்கும் இடையில் கூரை போட்ட ஒரு நடைபாதையைப் படமாகக் கீறி அப்பாவிடம் கொடுத்தேன். நாலு தூண், ஒரு சரிவுக் கூரை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"வேலை பழக என்ர வீடுதான் கிடைச்சுதோ? பங்களாவின்ர வடிவு கெட்டுப்போம்."

படத்தை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த அலுமாரியின் காலுக்குக் கீழே வைத்தார். அலுமாரி ஆட்டம் நின்றது. அதைப் பார்த்து அண்ணா சிரித்தார். எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்புக் கேட்கும்.

அப்பா காலமான பிறகாவது நான் அதைச் செய்திருக்கலாம். அண்ணாவைக் கேட்டேன். வீட்டின் உறுதிப் பத்திரம் எங்கள் இரண்டு பேரின் பெயரிலும் இருந்தது. "அப்பா கட்டினதில கை வைக்காதை. நான் வந்து பாத்துச் சொல்லுறன்" என்றார். வரவில்லை. அம்மாவைக் கேட்டேன். "விடு பிள்ளை, எனக்குப் பழகிப்போச்சு" என்றார். நானும் விட்டேன். ஊருக்கெல்லாம் வீடு கீறிக் கொடுத்தவள், ஆறு தகரத்தை ஒரு பகலில் ஏற்றுவித்திருக்கலாம், செய்யவில்லை. ஒரு மார்கழி மாதத்துக் காலையில் அம்மா பாசியில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கிட்டத்தட்ட எட்டு மாதம் மண்டபத்தில் படுக்கையில் கிடந்து செத்துப்போனார். அப்பாவையும் அண்ணாவையும் திட்டுகிறபோது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

கொழும்புக்காரர் வந்து போன மறுநாள் அண்ணா தொலைபேசி எடுத்தார். குரலில் சந்தோஷம்.

"ஆள் நல்ல ரிப்போட் தந்திருக்கு. வீட்டைக் கெஸ்ற் ஹவுஸ் ஆக்கலாம். கொலோனியல் ஸ்டைல். வெளிநாட்டுச் சனம் இப்ப இதைத்தான் தேடி வருது."

"அப்ப நான் எங்க இருக்கிறது?"

"நீ பின்னால குசினிக் கட்டடத்தில இருக்கலாம்தானே. பக்கத்தில ஒரு அறை இறக்கிவிட்டாக் காணும். தனி ஆள்தானே நீ."

நான் எரிந்து விழவில்லை. "சரி, பாப்பம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். எனக்கே அது ஆச்சரியம்.

அன்றைக்கே என் மேசையை எடுத்துப் போட்டு ஒரு படம் கீறினேன். முன் விறாந்தையில் இடப்பக்கம் மூன்று தூண், வலப்பக்கம் மூன்று தூண். இடப்பக்க மூன்றுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் அகல யன்னல்கள். உள்ளே அடுப்புத் திட்டு, தண்ணீர்த் தொட்டி, தட்டுகள். துறைமுகம் முழுவதும் தெரிகிற, வீட்டிலேயே நல்ல காற்றுள்ள இடத்தில் குசினி. நகரசபை அனுமதிக்கு அனுப்பவில்லை. அது பிழை என்று எனக்குத் தெரியும், அந்தச் சட்டத்தை எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் அனுமதி கேட்டுக் கேட்டு இருந்ததிலேயே ஒரு ஆள் செத்துப்போன வீடு அது.

குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு மேசனைக் கூப்பிட்டேன். என் வயதுக்காரர். நான் வேலை செய்த காலத்தில் எங்கள் படங்களை வைத்துப் பல வீடு கட்டியவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மிஸ் இது, முன் விறாந்தையிலயா குசினி? ஆரும் இப்பிடிக் கட்டுவாங்களா?"

"நான் கட்டுவன்."

"லிங்கநகர் பக்கம் இப்ப எல்லாரும் விறாந்தைக்கு உருண்டைத் தூண் வேணுமெண்டு நிக்கிறாங்க. அச்சில வாத்து வைக்கிற. அது ஒண்டையும் தாங்காது, சும்மா நிக்கும். நீங்க என்னெண்டா தாங்குற தூணை மறைக்கச் சொல்றீங்க."

"தூண் தாங்கட்டும். அதை ஆரும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை."

அவர் சிரித்தார். இரண்டாம் நாள் சாந்து குழைத்துக்கொண்டிருக்கும்போது, என் ஆத்திரத்துக்குத் துணையாக இருக்கட்டுமென்று அம்மாவின் கதையைச் சொன்னேன். குசினியைத் தூரத்தில் வைத்தது, முற்றத்தில் விழுந்தது எல்லாம். கேட்டுக்கொண்டே இரண்டு கல் வைத்தார்.

"மிஸ் கோவிக்காட்டி ஒண்டு சொல்றன். சுனாமிக்குப் புறகு எங்களுக்குத் தந்த வூடும் உங்கட கந்தோர்ப் படந்தான். கீழ் மூலையில உங்கட கையெழுத்து இரிக்கி."

"ஓம். நான்தான் கீறினது." எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"முன்கதவும் பின்கதவும் ஒரே நேரா வச்சிருந்தீங்க. றோட்டில போறவனுக்குக் குசினியில நிக்கிற பொம்புள தெரியும். எங்கட வூட்டுக்காரி ஒரு வருசம் சீலை கட்டித் தொங்கவிட்டுப் பாத்தா. காத்து வந்தாப் பறக்கும். புகைபோக்கியும் காத்து வாற பக்கந்தான், புகை முழுக்க வூட்டுக்குள்ள. கடைசியா வெளியில கொட்டில் போட்டுச் சமைச்ச. இப்பயும் அங்கதான் சமைக்கிற. மழைக்கும் அங்கதான்."

கதவுகளை நேராக வைத்தால் காற்றோட்டம் என்று படித்திருந்தேன், வைத்தேன். ஒரே படத்தை நூற்றுக்கணக்கில் பிரதி எடுத்துக் கட்டினார்கள். குறிஞ்சாக்கேணிக்கு ஒரு தரமும் போகவில்லை. அங்கே அடுப்பில் நிற்கப் போகிற ஒரு பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா துரையின் வீட்டைப் பின்னால் நின்றாவது பார்த்திருந்தார். நான் அவ்வளவுகூடப் பார்க்கவில்லை. மேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆணி காணாது மிஸ், கடைக்குப் போயிட்டு வாறன்" என்று எழும்பிப் போனார். ஆணிப் பெட்டி நிறைய ஆணி இருந்தது.

வேலை மூன்று கிழமையில் முடிந்தது. நான் முதன்முதலாக அங்கே வைத்தது சூடை மீன் குழம்பு. துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரமிட்டிருந்தது. நிமிர்ந்தால் அதைப் பார்க்கலாம். அம்மா அந்த விறாந்தையில் ஆண்கள் இருக்கும்போது ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

யாரோ படமெடுத்து அண்ணாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளில் வந்து இறங்கினார். பெட்டியை முன்முற்றத்திலேயே விட்டுவிட்டு, என் யன்னலுக்கு முன்னால் நின்றார்.

"உனக்கு மூளை கீளை பிசகிப்போச்சோ? அப்பாட வீட்டின்ர முகத்தில கரி பூசி வைச்சிருக்கிறாய்!"

"முகத்தில இப்பத்தான் பூசினது. பின்னால அறுபது வருசமாக் கரிதான். ஒரு நாளாவது போய்ப் பாத்தனீங்களோ?"

"என்னத்துக்கெடுத்தாலும் அம்மா, அம்மா. அம்மா ஒரு நாளாவது ஏதும் சொன்னவவோ? அவ சந்தோசமாத்தான் இருந்தவ."

"சோறு நனையாமக் கொண்டு வாறதில இருந்த கவனத்தைச் சந்தோசம் எண்டு நினைச்சிருக்கிறியள், அண்ணா."

"வழக்குப் போடுவன். இடிச்சுப் பழையபடி ஆக்குவிப்பன்."

"போடுங்கோ. நீதவானுக்கும் நான் குசினியைத்தான் காட்டுவன். முதல் பழையதை, பிறகு புதிசை."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, குரலைத் தணித்து, அப்பாவின் முகத்தில் ஒரு நாளும் சந்தோஷத்தைப் பார்த்ததில்லை என்றும், இந்த விறாந்தையில் சாய்ந்து கிடக்கும்போது மட்டும் அது இருந்தது என்றும் சொன்னார். அது உண்மைதான். எனக்கும் தெரியும். ஒரு ஆளின் சந்தோஷத்துக்கு இன்னொரு ஆளின் இடுப்பெலும்பா என்று கேட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் சத்தம் போட்டதைத் தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். சொன்னதெல்லாம் எழுதத் தகுந்ததல்ல. நான் சொன்னவற்றில் சில அவர் சொன்னவற்றை விட மோசம்.

வழக்கு வரவில்லை. சட்டத்தரணி ஒருவர் முன்னிலையில் வீட்டைப் பிரித்துக்கொண்டோம். நில அளவையாளர் மண்டபத்தின் நடுவில் சோக்கட்டியால் கோடு போட்டார். அந்தக் கோட்டில் கல் வைத்துச் சுவர் எழுப்பியவரும் குறிஞ்சாக்கேணி மேசன்தான். இடப்பக்கம் எனக்கு. வலப்பக்கமும் பின்முற்றமும் பழைய குசினியும் அண்ணாவுக்கு.

அவருடைய பாதி இப்போது விடுதியாக நடக்கிறது. மூன்று தூணுக்கும் வெள்ளை பூசி, பித்தளை விளக்குத் தொங்கவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு காலத்திலும் இல்லாத பழைய சாமான்களை எங்கிருந்தோ வாங்கி வைத்திருக்கிறார். பழைய குசினிதான் அங்கே விலை கூடிய அறையாம். அம்மாவின் புகை படிந்த ஒரு சுவரை மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டு, மஞ்சள் வெளிச்சம் அடித்திருக்கிறார்கள். விருந்தினர் அதற்கு முன்னால் நின்று படமெடுக்கிறார்கள். அவர்கள் மழையில் நனையக்கூடாதென்று வீட்டிலிருந்து குசினி வரைக்கும் ஓடு போட்ட நடைபாதையும் கட்டியாயிற்று. நாலு தூண், ஒரு சரிவுக் கூரை. அதைப் பின்பக்க எல்லைச் சுவருக்கு மேலால் முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விடுதி மனேஜர் ஒரு நாள் வந்து, கருவாடு பொரிக்கிற மணம் விருந்தினருக்குக் கஷ்டமாக இருக்கிறது, நேரத்தைக் கொஞ்சம் மாற்ற முடியுமா என்று பணிவாகக் கேட்டார். ஏலாது என்றேன். அண்ணா வருடத்துக்கு ஒரு தரம் வருகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் கேட்கும். நாங்கள் கதைப்பதில்லை.

சென்ற வருடம் மாரிக்கு முன்னர் மேசன் வந்து, தன் வீட்டின் ஒரு பக்கத்தில் புதிதாகக் குசினி சேர்த்து இறக்க வேண்டும், படம் கீறித் தருவீர்களா என்று கேட்டார். இந்த முறை மேசையில் உட்காரவில்லை. பஸ் ஏறிக் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். அவருடைய மனைவி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கதிரை போட்டார், சிரிக்கவில்லை.

"குசினி எங்க வேணுமெண்டு நீங்கள் சொல்லுங்கோ. நான் கீறுறன்" என்றேன்.

"இப்பயா மிஸ் வந்து கேக்கிற?" என்றார். "புகையில என்ட கண் பழுதாப் போய், ரெண்டு தரம் ஒப்பரேசனும் செஞ்சாச்சி. இப்பயா?"

"பிழைதான். அப்பவே வந்து கேட்டிருக்கோணும்."

அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து மணலில் கோடு போடத் தொடங்கினார். களப்பு நீரிலிருந்து வருகிற காற்று இந்தப் பக்கம், கச்சான் என்ற மேற்குக் காற்று அந்தப் பக்கம். யன்னல் தெருவுக்கு இருக்க வேண்டும், வருகிறவரைத் தான் பார்க்க வேண்டும், தன்னை அவர்கள் பார்க்கக்கூடாது. தொட்டி இடக்கைப் பக்கம், ஏனென்றால் அவருக்கு இடக்கைப் பழக்கம். நான் குனிந்து நின்று அளந்து குறித்தேன். யன்னல் அடிச்சுவரை மூன்றரை அடி என்று எழுதியதைக் கண்டதும் என் பென்சிலைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆருக்கு மிஸ் மூண்டர? என்ட உயரத்தப் பாருங்க."

அவரை யன்னல் வரப்போகிற இடத்தில் நிற்கச் சொல்லி, நிலத்திலிருந்து அவருடைய முழங்கை வரை அளந்தேன். மூன்று அடியும் இல்லை. அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.